முழங்கால் படமும் முழங்கால் வலியும்



நம் குடும்ப வாட்ஸ்அப்பில் இப்போது கல்யாணப் படங்களைவிட முழங்கால் எக்ஸ்ரே படங்கள்தான் அதிகம். ரிப்போர்ட்டில் "கிரேடு 3" என்று பார்த்ததும் பயம். "படத்தில் ஒன்றுமில்லை" என்று வந்தாலோ, வலிக்கிறது என்று சொல்கிற அத்தை மேலேயே சந்தேகம். வரலாறு நடத்தியவன் ஆயிற்றே, இந்த கிரேடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

1895 கடைசியில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அதில் எலும்பு தெரியும். எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு தெரியாது. இரண்டு எலும்புக்கு நடுவே இடைவெளி குறைந்திருந்தால், அது தேய்ந்திருக்க வேண்டும் என்று ஊகிப்பார்கள். இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் மூட்டுகளைப் படமெடுத்து ஆராய்ந்த கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள், 1957இல் படங்களை 0 முதல் 4 வரை தரம் பிரித்தார்கள். இன்றும் அதுதான் நடைமுறை. அவர்கள் மார்க் போட்டது படத்துக்கு, வலிக்கு அல்ல.

பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது, குழப்பம் கூடியது. அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில், எக்ஸ்ரேயில் தேய்மானமே இல்லாத, 50 வயது தாண்டிய 710 பேரை ஸ்கேன் செய்தார்கள். 2012இல் வந்த முடிவு: 89 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. வலியே இல்லாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான்!

அப்படியானால் படம் வீணா? இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது 2009இல் வந்த ஆய்வு. ஆளுக்கு ஆள் உடல் எடை, வேலை, தூக்கம், வலி தாங்கும் சக்தி எல்லாமே வேறு. அதனால் ஒரே ஆளின் இரண்டு முழங்கால்களை, ஒன்று வலிப்பது, மற்றது வலிக்காதது என்று பார்த்து ஒப்பிட்டார்கள். கிரேடு கூடிய காலே வலிக்கிற காலாக இருப்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது.

குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. வலியை உணர்வது அடியிலுள்ள எலும்பும் மூட்டின் உள்சவ்வும். எக்ஸ்ரேயில் தேய்மானம் உள்ளவர்களை ஸ்கேன் செய்த 2001 ஆய்வில், எலும்பு மஜ்ஜையில் மாற்றம் இருந்தது வலி உள்ளவர்களில் 77.5 சதவீதம், வலி இல்லாதவர்களில் 30 சதவீதம். பின்னால் ஒரே முழங்காலைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மஜ்ஜை மாற்றமும் உள்சவ்வு வீக்கமும் கூடியபோது வலியும் கூடும் போக்கு தெரிந்தது. குறைந்தபோது வலியும் குறைந்தது.

ஆகவே பழைய படத்தைப் பரணில் போட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது புதுப் படத்தோடு அதையும் கொண்டு போங்கள். படி ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போதா, எத்தனை மாதமாக என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.