நடுவில் மாட்டினவன் எப்படி வெல்லுறான்?

'ரோம்: டோட்டல் வோர்' கேம் விளையாடினவர்களுக்கு இது ஒருக்காலாவது நடந்திருக்கும். எங்கட படை நடுவில் நிற்கும். முன்னுக்கு ஒரு எதிரிப்படை, பின்பக்க எல்லையால் இன்னொன்று வரும். முதல்தரம் எனக்கு அப்படி வந்தபோது படையை அரைவாசி அரைவாசியாகப் பிரித்து இரண்டு பக்கமும் அனுப்பினேன். இரண்டு பக்கமும் தோற்றேன். பக்கத்தில் இருந்து பார்த்த அறை நண்பன் சொன்னான்: "மச்சான், ரெண்டு பேரோடயும் ஒரே நேரத்தில ஏன்டா அடிபடுறாய்? கிட்ட நிக்கிறவனை முழுப்படையாலயும் முதல்ல முடி. மற்றவன் வந்து சேர நேரமெடுக்கும்தானே."

மைய நிலை உத்தி என்பது இவ்வளவுதான். பிரிந்து நிற்கும் இரண்டு எதிரிகளுக்கு நடுவில் நிற்பவனுக்கு இருவரிடமும் போகும் தூரம் குறைவு. அவர்கள் ஒன்றுசேர வேண்டுமென்றால் அவனைத் தாண்டித்தான் வரவேண்டும். இதை நெப்போலியனின் உத்தி என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் அவருக்கு ஈராயிரம் வருசத்துக்கு முன்னமே ரோமர்கள் இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

கி.மு. 207. இத்தாலியின் தெற்கில் கார்த்தேஜின் தளபதி ஹனிபால். வடக்கில், அல்ப்ஸ் மலையைக் கடந்து படையோடு வந்திருந்தான் அவனுடைய தம்பி ஹஸ்துருபால். இரண்டு பேரும் சேர்ந்தால் ரோமின் கதை கந்தல். தெற்கில் ஹனிபாலைக் கண்காணித்தவர் கொன்சல் கயஸ் கிளாடியஸ் நீரோ (பிற்காலப் பேரரசர் நீரோ வேறு ஆள்). வடக்கில் மற்றக் கொன்சல் மார்கஸ் லிவியஸ்.

தம்பி அண்ணனுக்குக் கடிதம் எழுதி ஆறு குதிரைவீரர்களிடம் கொடுத்தனுப்பினான். அவர்கள் இத்தாலி முழுக்கக் கடந்துவந்து, கடைசியில் தாரெந்தும் நகருக்குப் பக்கத்தில் பிடிபட்டார்கள். கடிதம் நீரோவின் கைக்குப் போனது.

நீரோ அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. செனற் சபைக்குச் செய்தி அனுப்பிவிட்டு, 6,000 காலாட்களோடும் 1,000 குதிரைவீரர்களோடும் சுமார் 400 கிலோமீற்றர் வடக்கே நடந்தார். மிச்சப்படை ஹனிபாலுக்கு முன்னால் பாசறையிலேயே இருந்தது. வழிநெடுக ஊர்ச்சனம் சாப்பாட்டோடு வந்து நின்றது. இரவில் போய்ச்சேர்ந்த வீரர்களை லிவியஸின் ஆட்களுடைய கூடாரங்களுக்குள்ளேயே படுக்கவைத்தார்கள். ஒரு கூடாரம்கூடக் கூடவில்லை.

ஆனால் எக்காளம் காட்டிக்கொடுத்தது. கொன்சலின் பாசறையில் அது இரண்டுதரம் ஊதியதைக் கேட்டதும், இரண்டு கொன்சல்கள் வந்திருப்பது ஹஸ்துருபாலுக்கு விளங்கிவிட்டது. இரவோடிரவாகப் பின்வாங்கினான். வழிகாட்டிகள் ஓடிவிட, மெட்டோரஸ் ஆற்றங்கரையில் வழிதவறினான். ரோமர் அங்கே பிடித்துக்கொண்டார்கள். சண்டையில் வலப்பக்கம் நின்ற நீரோவுக்கு முன்னால் மேடு. ஏறி அடிக்க முடியவில்லை. உடனே ஒரு பகுதிப் படையைத் தன் வரிசைக்குப் பின்னாலேயே மற்ற அந்தத்துக்குக் கொண்டுபோய் எதிரியின் விலாவில் அடித்தார். ஹஸ்துருபால் செத்தான். அவன் பக்கத்தில் இறந்தவர்கள் 10,000 பேர் என்கிறார் பொலிபியஸ். 56,000 என்கிறார் லிவி. ஆறாம் நாள் நீரோ திரும்பவும் தெற்கில். ஹனிபால் இருந்த இடத்திலேயே இருந்தான்.

கேமில் நான் மேலேயிருந்து சண்டைக்களத்தைப் பார்க்கிறேன். சொன்னவுடன் படை திரும்புகிறது. அதில் ஒரு முறை என்பது அரை வருசம். நீரோவின் முழு நடையும் ஒரு சொடுக்குக்குள் முடிந்துவிடும். உண்மையில் நடுவில் நிற்பவன் அரைவாசி சுற்றிவளைக்கப்பட்டவன். ஹனிபாலுக்கு விசயம் தெரிந்திருந்தால் அந்தப் பாசறை என்னவாகியிருக்கும்? நீரோவைக் காப்பாற்றியது நின்ற இடம் மட்டும் இல்லை. கையில் கிடைத்த கடிதமும், மறைத்த கூடாரங்களும், வழியில் சோறுபோட்ட சனமும்தான். 1815இல் வாட்டர்லூவில் இதே உத்தி நெப்போலியனைக் கைவிட்டது. லிக்னியில் தோற்ற பிரஷ்யப்படை முழுசாக உடையவில்லை. இரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டது.

இன்னொன்றும் கேமில் இல்லை. அண்ணனும் தம்பியும் ஸ்பெயினில் பிரிந்தது கி.மு. 218இல். பதினொரு வருசம். நீரோ திரும்பி வந்ததும் ஹஸ்துருபாலின் தலையை ஹனிபாலின் காவலரணுக்கு முன்னால் எறியச் சொன்னார். தம்பி செத்த செய்தி அண்ணனுக்குப் போய்ச்சேர்ந்தது அப்படித்தான். என்ர திரையில் ஒரு கொடி மறையும், அவ்வளவுதான். நான் அடுத்த முறைக்குப் போய்விடுவேன்.