கருவாலிக் காட்டின் அடிப்புதர்: ஒரு தடையுத்தரவின் வரலாறு

1792ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த ஜார்ஜ் வான்கூவர், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த தம் கப்பலைவிட்டு இறங்கி, குதிரையேறித் தெற்கே சான்டா கிளாரா மிஷன் வரை சென்றார். கலிபோர்னியா அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. வழியில் சுமார் 20 மைல் தூரத்துக்கு அவர் கண்டது புல்வெளியும், ஒன்றுக்கொன்று இடம்விட்டு நின்ற பெரும் ஓக் மரங்களும். ஓக் மரங்களை முன்னொரு காலத்தில் நட்டு வளர்த்த ஓர் ஆங்கிலேயப் பூங்காவோடுதான் அந்நிலத்தை அவரால் ஒப்பிட முடிந்தது. இன்னொன்றையும் கவனித்து எழுதினார்: மரங்களுக்கடியில் இருந்திருக்க வேண்டிய புதர்கள் அகற்றப்பட்டவை போலத் தோன்றின. இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று அறியப்படுவதும், தமிழர் பலர் குடியேறி வாழ்வதும் அந்த நிலத்தில்தான்.

வான்கூவரின் கண் சரியாகவே கண்டது. புதர்கள் அகற்றப்பட்டுத்தான் இருந்தன. அகற்றியவர்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்ந்த ஓலோனி மக்கள். அவர்களது கருவி நெருப்பு.

ஓக் மரத்தைத் தமிழில் கருவாலி என்பர். கலிபோர்னியாவின் குன்றுகளில் வளரும் புதர்க்கூட்டத்துக்குச் சப்பரல் என்று பெயர். குட்டையான கருவாலியைக் குறிக்கும் 'சப்பாரோ' என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து பிறந்தது அது. மான்சனிட்டா, சமீஸ், டோயான், சியனோதஸ் முதலியவை இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. மழை குளிர்காலத்தில் மட்டுமே பெய்யும் அந்த நாட்டின் நீண்ட வறண்ட கோடையைத் தாங்கும் தடித்த இலைகள் இவற்றில் பலவற்றுக்கு உண்டு. தீயில் எரிந்தபின் சில அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். வேறு சிலவற்றின் விதைகள் வெப்பமோ புகையோ பட்ட பிறகே முளைக்கும். ஆகவே தீ என்பது இந்நிலத்துக்கு அந்நியமான ஒன்றன்று. அது எப்போது, எங்கே, எவ்வளவு என்பதே கேள்வி.

பழங்குடியினர் பலருக்கும் கருவாலிக் கொட்டையே முதன்மை உணவு. அதைச் சேமித்து, பாறைக் குழிகளில் இடித்து, மாவின் கசப்பை நீரூற்றிப் போக்கிக் கஞ்சியாகக் காய்ச்சினர். மரத்தடியில் அவ்வப்போது வைக்கப்பட்ட சிறு தீ, உதிர்ந்த கொட்டைகளுக்குள் இருந்த புழுக்களை அழித்தது; பொறுக்குவதற்குத் தரையைத் துப்புரவாக்கியது. எரிந்த புதர்களிலிருந்து எழுந்த நேரான இளங்கொம்புகள் கூடை முடைய உதவின. புதுத்தளிரை நாடி மான்கள் வந்தன. விறகு சேராத தரையில் தீ தாழ்ந்தே சென்றதால் முதிர்ந்த மரங்கள் தப்பின. வான்கூவர் வியந்தது, உழைப்பால் உருவான ஒரு நிலத்தை.

அவர் அவ்வழி சென்று ஆறு மாதங்களே கழிந்திருந்தன. 1793 மே 31 அன்று, இடைக்கால ஆளுநர் ஹோசே ஹொவாகின் தே அர்ரிய்யாகா சான்டா பார்பராவிலிருந்து ஒரு பிரகடனம் வெளியிட்டார். மதம் மாறிய இந்தியரும் மாறாதவரும் வயல்வெளிகளுக்குத் தீயிடும் வழக்கத்தால் பொதுநலம் கெடுகிறது என்றும், ஊர்களுக்கு அருகில் மட்டுமல்ல, மிகத் தொலைவிலும் அது தடைசெய்யப்படுகிறது என்றும், மீறுவோர் தண்டிக்கப்படுவர் என்றும் அது அறிவித்தது. மிஷன்களின் மந்தைகளுக்குப் புல் தேவைப்பட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். ஒரு மக்களின் வேளாண்மையே இந்தத் தாளில் குற்றமாகிவிட்டது.

கொடி மாறியபோதும் கொள்கை மாறவில்லை. அமெரிக்க மாநிலமான 1850ஆம் ஆண்டிலேயே, பழங்குடியினரின் 'ஆட்சிக்கும் பாதுகாப்புக்கும்' என்று பெயரிட்டுக் கலிபோர்னியா இயற்றிய சட்டம், புல்வெளிக்குத் தீயிடுவதைத் தண்டனைக்குரியதாக்கியது. பழங்குடிக் குழந்தைகளைக் கொத்தடிமைகள் போல வைத்துக்கொள்ளவும் அதே சட்டம் வழிசெய்தது. 1769இல் ஏறத்தாழ 3 லட்சமாக மதிப்பிடப்படும் அம்மக்களின் தொகை, 1900 வாக்கில் 20,000 அளவுக்குச் சுருங்கியது. தீயிடுவதற்கு ஆட்களே இல்லாமற் போயினர். 1935இல் அமெரிக்க வனத்துறை, எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று விதி செய்தது.

விளைவுகளை நிலத்திலேயே காணலாம். பல இடங்களில் கருவாலியடியில் புதர் அடர்ந்து, தீ தரையிலிருந்து கிளைகளுக்கு ஏற ஓர் ஏணியாகிவிட்டது. வடக்கே டக்ளஸ் ஃபிர் மரங்கள் நிழல்பரப்பிக் கருவாலிகளை மடியச் செய்கின்றன.

இதைக் கொண்டு சப்பரலைப் பகையாகக் கருதுவதும் பிழை. தென்கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளில் இயல்பாகவே பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எரிவது அது. அங்கே மனிதரால் அடிக்கடி தீப்பற்றினால், விதை சேர்வதற்குள் புதர்கள் அழிந்து, ஐரோப்பியர் வருகையோடு வந்த அயற்புற்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எந்தச் சரிவை எரிப்பது, எதை விடுவது என்ற அறிவு அந்தந்த இடத்தில் வாழ்ந்தவர்களின் நினைவில் இருந்தது. தடையுத்தரவுகள் தீயோடு சேர்த்து அந்த நினைவையும் அணைக்க முற்பட்டன.

முழுதாக அணையவில்லை. வட கலிபோர்னியாவில் கரூக், யூரோக் மக்கள் அம்மரபைக் காத்துவந்தனர். 2024இல் கலிபோர்னியா இயற்றிய ஒரு சட்டம், பழங்குடி அரசுகள் மாநிலத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு தம் மரபுப்படி தீயிட வழிவகுத்தது. அர்ரிய்யாகாவின் தாளுக்கும் இச்சட்டத்துக்கும் இடையே 231 ஆண்டுகள்.

மனிதக் கை படாத காடு என்று நாம் வியக்கும் இடங்களில், அந்தக் கை எப்போது விலக்கப்பட்டது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வான்கூவர் தம் கண்முன்னே அகற்றப்பட்டிருந்த புதரைக் கண்டார். அகற்றியவர் யார் என்று கேட்கவில்லை.