கதைவழி ஆற்றுப்படுத்தல்

ஐதராபாத் நகரின் தென்கிழக்கிலுள்ள காஞ்சன்பாக் பகுதிக்கு 1960களிலிருந்து பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்களும், 1973இல் தோன்றிய மிஸ்ர தாது நிகம் என்னும் உலோகக் கலவை நிறுவனமும் பல மாநிலத்தவரை வரவழைத்தன. அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அலுவலகத்தில் ஆங்கிலமும் இந்தியும், கடைவீதியில் தெலுங்கும் தக்கினி உருதுவும் பேசி நாளை ஓட்டிவிடலாம். மனம் நலிந்து ஆலோசகர் ஒருவர்முன் அமரும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. "எனக்கு மனசே சரியில்லை" என்பதை வேற்றுமொழியில் எங்ஙனம் கூறுவது? மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் எனக்கு இக்கேள்வி தொழில்முறையிலேயே எழுவது. விடை தேடப் புகுந்தபோது, சொல்லையும் கதையையுமே மருந்தாகக் கொண்ட ஒரு முறையின் வரலாறு கிட்டியது. நேயர்களுக்கு அதனை ஈண்டுச் சொல்ல விரும்புகிறேன்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் மைக்கேல் வைட் என்னும் சமூகப் பணியாளர் இருந்தார். குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய அவரிடம், உடையிலேயே மலம் கழித்துவிடும் சிறுவர்களைப் பெற்றோர் அழைத்து வந்தனர். பிள்ளை சோம்பேறி என்பர் சிலர். தாயின் வளர்ப்புச் சரியில்லை என்பர் வேறு சிலர். வைட் அக்குறைக்கு ஒரு குறும்புப் பெயர் சூட்டினார். அது வெளியிலிருந்து வந்து வீட்டாரைத் தொல்லைப்படுத்தும் கள்வன் போலாயிற்று. "அவன் உன்னை எப்போது ஏமாற்றுகிறான்? நீ அவனை ஏமாற்றிய நாள் உண்டா?" என்னும் போக்கில் வினவத் தொடங்கினார். குற்றவாளியாக நின்ற பிள்ளை, பெற்றோருடன் சேர்ந்து கள்வனைத் துரத்தும் வீரனானான். 1984இல் இவ்வனுபவத்தை வைட் கட்டுரையாக வெளியிட்டார். இடரை ஆளினின்று பிரித்துப் பேசும் இவ்வழக்கமே புதிய முறையின் முதற்படி.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பைவிட ஒருவகை அறிமுக உணர்வே மிகுந்தது. தமிழில் நாம் கோபத்தை எவ்வாறு சொல்கிறோம்? "எனக்குக் கோபம் வந்தது" என்கிறோம். வந்தது போகவும் கூடும் என்பது அத்தொடரிலேயே அடங்கியிருக்கிறது. பயம் பிடிக்கிறது, கவலை அரிக்கிறது, துக்கம் தொண்டையை அடைக்கிறது. எழுவாயாக நிற்பது உணர்ச்சி. மனிதனோ நான்காம் வேற்றுமையிலோ இரண்டாம் வேற்றுமையிலோ ஒதுங்கி நிற்கிறான். ஆங்கிலத்திலோ கோபமே ஆளின் தன்மையாகிவிடுகிறது. இன்று நம்மவரும் "நான் ஒரு டிப்ரஷன் கேஸ்" என்று சொல்லக் கேட்கிறேன். நோயின் பெயர் இரவல் வந்ததோடு நில்லாமல், ஆளையே நோயாக்கும் வாக்கிய அமைப்பும் உடன் வந்துவிட்டது. இஃது எனக்கு உவப்பானதன்று.

வைட்டுக்குத் துணை நின்றவர் டேவிட் எப்ஸ்டன். கனடாவிற் பிறந்து நியூசிலாந்தில் குடியேறியவர், மானிடவியல் பயின்றவர். சந்திப்பு முடிந்தபின், பேசியவர் சொன்னவற்றை அவர் சொற்களிலேயே தொகுத்துக் கடிதமாக அனுப்புவது இவர் வழக்கம். 1983இல் வைட்டும் ஷெரில் வைட்டும் அடிலெய்டில் டல்விச் மையத்தை நிறுவினர். வைட்டும் எப்ஸ்டனும் சேர்ந்து எழுதிய நூல் 1989இல் அங்கே வெளிவந்து, மறுவருடம் வேறு தலைப்புடன் நியூயார்க்கில் பதிப்பிக்கப்பட்டபோது உலகறிந்ததாயிற்று. வைட் 2008இல் மறைந்தார்.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இவ்வரலாற்றில் மிக நெருக்கமான பகுதி ஒன்றுண்டு. கலிபோர்னியாவின் வெனிஸ் என்னும் கடற்கரைப் பகுதியில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து முதுமையெய்திய யூதர்களிடையே 1970களில் பார்பரா மயர்ஹாஃப் என்னும் மானிடவியலாளர் ஆய்வு செய்தார். அம்முதியோரின் பிள்ளைகள் படித்து உயர்ந்து வேறிடம் சென்றுவிட்டனர். இளமையில் பேசிய இத்திஷ் மொழியைக் கேட்பாரில்லை. ஆகவே அவர்கள் தங்கள் மன்றத்திலேயே விழாவும் வாதமும் நிகழ்த்தி, தாம் யாரென்பதை ஒருவருக்கொருவர் அரங்கேற்றிக்கொண்டனர். கேட்பவரின்றேல் வாழ்ந்த வாழ்வே ஐயத்திற்குரியதாகிவிடும் என்பதை மயர்ஹாஃப் அங்கே கண்டார்.

வைட் இதனைத் தம் முறையிற் புகுத்தினார். ஒருவர் தம் கதையைச் சொல்வார். அழைக்கப்பட்ட சிலர் கேட்டிருப்பர். பின்னர் அவர்கள் பேசுவர். அறிவுரைக்கோ பாராட்டுக்கோ அங்கு இடமில்லை. எச்சொல் தம் நெஞ்சிற் பதிந்தது, தம் வாழ்வின் எந்நிகழ்ச்சியை அது நினைப்பித்தது என்பவற்றை மட்டுமே கூறுதல் வேண்டும். அறிவுரை கூறாதிருத்தல் நம்மவர்க்குக் கடினமான பயிற்சிதான்!

தமிழ்நாட்டில் இத்தகு பணி புரிவோரை 'ஆற்றுப்படுத்துநர்' என்கிறோம். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. அவற்றுள் பாணரும் பொருநரும் கூத்தரும் பற்றியவற்றில், பரிசில் பெற்று மீளும் ஒருவன் வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்குத் தான் நடந்த வழியை விவரிக்கிறான். வழிகாட்டுபவனும் முன்பு வறியவனே. கேட்டவர் தம் வாழ்விலிருந்து பேசும் வைட்டின் முறைக்கு இதைவிடப் பொருந்திய பெயர் வாய்க்குமா என்பது ஐயமே.

மும்பையில் 2001இல் தொடங்கிய உம்மீத் குழந்தை வளர்ச்சி மையம் இம்முறையைக் கையாள்வதோடு பிறர்க்கும் பயிற்றுகிறது. எனினும் எல்லை அறிந்து கொள்ளுதல் நன்று. கடும் மனநோய்க்கு மருத்துவரும் மருந்தும் இன்றியமையாதவை. கதை அவற்றின் இடத்தை நிரப்பாது. இம்முறையின் பயனை அளந்த ஆய்வுகளும் வேறு சில உளச் சிகிச்சை முறைகளுக்குள்ள அளவு பெருகவில்லை.

மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசி உளநலப் பணியின் எண் 14416. அழைப்பவர் தமக்கு வேண்டிய மொழியைத் தேர்ந்துகொள்ள அதில் ஏற்பாடு உண்டு. தமிழும் அம்மொழிகளுள் ஒன்று.