நொய்யல் மீன்களும் திருப்பூர் சாயமும்

திருப்பூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பனியன். அந்த ஊரின் நடுவே ஓடும் நொய்யல் ஆற்றின் கதை பலருக்குத் தெரியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகச் சென்று காவிரியில் கலக்கும் இந்த ஆற்றுக்குக் காஞ்சிமாநதி என்ற பழைய பெயரும் உண்டு.

1980களில் பனியன் ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. கூடவே சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. அவற்றின் கழிவுநீர் நொய்யலில் சேர்ந்தது.

பருத்தித் துணியில் சாயம் நன்றாக ஏற வேண்டுமானால் உப்பு சேர்க்க வேண்டும். ஒரு லிட்டர் சாயத் தண்ணீரில் 30 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள். கடல் நீரிலேயே லிட்டருக்கு சுமார் 35 கிராம்தான்! துணி சாயத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். உப்பு அப்படியே கழிவில் வெளியேறிவிடும்.

இது மீனை என்ன செய்யும்? ஆற்று மீனின் ரத்தத்தில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம். அதன் செவுள்கள் நீரிலிருந்து உப்பை இழுத்துக்கொள்ளவே பழகியவை. நீரே உப்பாகிவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. முட்டைகளும் குஞ்சுகளும்தான் முதலில் பாதிக்கப்படும். சலவைக்குப் போடும் பிளீச்சிங் பவுடரின் குளோரின் செவுளை அரித்து மூச்சுத் திணற வைக்கும். சாய நிறம் வெயிலை உள்ளே விடாது. கழிவு மட்கும்போது நீரில் உள்ள ஆக்சிஜனும் குறையும்.

இந்த நிலையில்தான் 1992ல் சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் அதில் தேங்கியது சாயக்கழிவு. ஓடும் ஆற்றில் கொஞ்சமாவது அடித்துச் செல்லப்பட்ட கழிவு, அணைக்குள் வண்டலோடு படிந்தது. மீன்கள் செத்து மிதந்தன. சில ஆண்டுகளிலேயே, யாருக்காக அணை கட்டப்பட்டதோ அந்த விவசாயிகளே அதன் தண்ணீர் வேண்டாம் என்றார்கள்.

1990களின் இறுதியில் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை நிறத்தையும் கசடையும் குறைத்தன. ஆனால் கரைந்துள்ள உப்பு சாதாரண சுத்திகரிப்பில் போகாது. பார்ப்பதற்குத் தெளிவாக இருந்தாலும் அந்தத் தண்ணீர் மீனுக்கும் பயிருக்கும் ஆகாததாகவே இருந்தது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் தொடர்ந்த வழக்கில், ஒரு சொட்டுக் கழிவுகூட ஆற்றில் விடக்கூடாது என்று 2006ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் நிலைமை மாறாததால் 2011 ஜனவரியில், விதிகளை நிறைவேற்றாத சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்து தவித்தார்கள். அதன் பிறகுதான் நீரைச் சவ்வு வழியே வடிகட்டி, உப்பைத் தனியாகப் பிரித்து, இரண்டையும் மறுபடி பயன்படுத்தும் முறை அங்கு பரவலானது.

அணை கட்டி 2011க்குள் சுமார் 20 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. பயிர் கருகியபோது விவசாயி வழக்குப் போட்டார், பட்டறை மூடியபோது தொழிலாளி குரல் கொடுத்தார். இருவருக்கும் முன்னால் எச்சரித்தது செத்து மிதந்த மீன். அப்போதே விழித்துக்கொண்டிருந்தால் இரு தரப்புக்குமே இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது என்பது சிந்திக்க வேண்டிய விஷயம்.