துரை வேடமும் பாளையக்காரனும்

மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் திருவேங்கடவனைத் தரிசிக்க வரும் நம்மவர் பலர், ரேணிகுண்டாவில் இறங்கித் திருப்பதி சேர்ந்ததும் மலையையே நோக்குவர். அடிவாரத்து ஊரின் நடுவே இன்னொரு தெய்வம் குடியிருப்பதை அவர்களில் அறிந்தோர் சிலரே. தாத்தய்யகுண்டா கங்கம்மை என்பது அவள் பெயர். மலைமேல் உறையும் பெருமாளுக்கு அவள் தங்கை முறை என்பது ஊரார் நம்பிக்கை. ஆண்டுதோறும் அவளுக்கு விழா நிகழும்போது, பிறந்த வீட்டுச் சீராகத் திருமலைக் கோயிலிலிருந்து புடவையும் மஞ்சளும் குங்குமமும் வந்து சேருகின்றன. கோடையின் உச்சத்தில், மே மாதத்தை ஒட்டி, ஒரு வார காலம் நடைபெறும் அந்த ஜாத்திரையைப் பற்றியும், அதனுள் பொதிந்து கிடக்கும் ஒரு பழைய ஆட்சிமுறையைப் பற்றியும் இங்கே சிறிது கூற விரும்புகிறேன்.

முதலில் கதை. முன்னொரு காலத்தில் திருப்பதிப் பக்கத்தைப் பாளையக்காரன் ஒருவன் ஆண்டு வந்தான். தெலுங்கில் அவனைப் பாளேகாடு என்பர். கதையில் அவனுக்குத் தனிப்பெயர் கிடையாது. பதவியின் பெயரே அவன் பெயர். தன் எல்லைக்குட்பட்ட கன்னிப் பெண்கள் மணவறை ஏறுமுன் தன்னிடம் வந்தாக வேண்டும் என்று அவன் கொடுமை செய்தான். பக்கத்துச் சிற்றூராகிய அவிலாலாவில், வயலிடையே குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டு வளர்ந்தவள் கங்கம்மை. அவள்மீதும் அவன் கண் விழுந்தது. அவனை அவள் எதிர்த்து நின்று, தன் பேருருவைக் காட்டினாள். கண்ட மாத்திரத்தில் அவன் ஓடி ஒளிந்துகொண்டான். அவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேடம் பூண்டு வீதிவீதியாகத் திரிந்தாள். முதல் நாள் பைராகியாக வந்தாள். மறுநாள், வாய்க்கு வந்தபடி வசைபாடும் ‘பண்ட’ வேடத்தில் வந்தாள். மூன்றாம் நாள் கரி பூசிய தோட்டியாக வந்தாள். எந்த வேடத்துக்கும் அவன் வெளிப்படவில்லை. நான்காம் நாள் தலைப்பாகையும் வாளும் தரித்துத் துரையாக வந்தாள். துரை எழுந்தருளியிருக்கிறார் என்று கேட்டதும், வணங்கி வரவேற்கப் பாளையக்காரன் மறைவிடத்திலிருந்து வெளியே வந்தான். அவன் தலை உருண்டது.

இன்றும் அந்த வேடங்களை அதே வரிசையில் ஆடவர் பூணுகின்றனர். கைகால என்ற குடும்பத்தாருக்கு அது வழிவழி வந்த உரிமை. கைகால என்பது வேறொன்றுமன்று. நம்முடைய கைக்கோளர் என்ற பெயர் தெலுங்கில் அவ்வாறு வழங்குகிறது. சோழர் காலத்தில் படைப்பிரிவுகளாகவும், பின்னர்க் கோயிலைச் சார்ந்த நெசவாளராகவும் வாழ்ந்த செங்குந்தர் மரபினரே அவர்கள். தமிழ்க் குலமொன்று தெலுங்கு நாட்டுத் தெய்வத்தின் உடலாகவே நின்று கொடுங்கோலனின் தலையைக் கொய்கிறது என்பதை வெளிமாநிலங்களில் வாழும் நம் நேயர்கள் மகிழ்ச்சியோடு கேட்பார்கள் என்று எண்ணுகிறேன்.

ஆனால் இந்தக் கதை நமக்கு ஒரு சங்கடத்தையும் தருகிறது. பாளையக்காரர் என்ற சொல் தமிழ்நாட்டில் வீரத்தின் மறுபெயர். கட்டபொம்மனையும் பூலித்தேவனையும் நினைந்து நெஞ்சு நிமிர்த்துகிறோம். திருப்பதியிலோ அதே சொல்லைச் சொல்லித்தான் ஏசுகிறார்கள். பண்ட வேடத்தன்று தெருவில் எழும் வசைமொழிகள் யாவும் பாளையக்காரனுக்கு உரியவை. ஒரே பதவிக்கு ஓரிடத்தில் மாலையும் மற்றோரிடத்தில் வசையும் வாய்த்தது எங்ஙனம்?

மேலைநாட்டார் விரும்பிப் படிக்கும் ஒரு வகைக் கதையை இங்கே நினைவுகூரலாம். நிலவொளியில் மனிதர் ஓநாயாக உருமாறும் கதை அது. இக்காலத்தில் எழுதப்படும் அத்தகைய கதைகளில் அவர்கள் கூட்டமாக வாழ்வர். கூட்டத்துக்குத் தலைவன் ஒருவன்; அவனுக்கு அடுத்தவன் ஒருவன்; எல்லோரிடமும் கடிபட எல்லோருக்கும் கீழே ஒருவன். பல்லும் நகமும் வலியவன் எவனோ அவனே தலைவன். இந்தக் கற்பனைக்கு ஊட்டம் அளித்தது, பாசல் நகர விலங்குக் காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கண்டு ருடால்ஃப் ஷெங்கெல் 1947-இல் எழுதிய ஆய்வு. அமெரிக்க அறிஞர் டேவிட் மெக் 1970-இல் வெளியிட்ட நூல் அக்கருத்தை எங்கும் பரப்பியது. பின்னர் வட கனடாவின் பனித்தீவொன்றில் பல கோடைகள் காட்டு ஓநாய்களின் அருகிருந்து கண்ட அதே மெக், 1999-இல் தம் கருத்தைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமே. தலைமை என்பது பெற்றோரின் நிலையே அன்றிச் சண்டையிட்டு வென்ற பட்டமன்று என்றார். அந்நியரைப் பிடித்து ஒரே கூண்டில் அடைத்தால் அவர்களிடையே விளைவதைக் கொண்டு குடும்பத்தை அளந்ததுதான் பிழை.

நம் கதையில் உருமாறுபவள் வேட்டையாட வந்தவள். கூட்டத்தின் தலைவனோ வேட்டைப்பொருள். அவனைப் பிடிக்க அவளுக்கு வலிமை போதவில்லை என்று கதை கூறவில்லை. பேருருவைக் கண்டே அவன் ஓடினான். வலிமையைக் கண்டவன் ஒளிகிறான். மேலதிகாரத்தைக் கண்டவன் வெளிப்படுகிறான். இதன் நுட்பத்தை உணரப் பாளையம் என்பது எவ்வாறு இயங்கியது என்பதை அறிய வேண்டும்.

பாளையம் என்றால் படை தங்கும் இடம். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்றபின், விஜயநகர அரச மரபினர் பெனுகொண்டாவிலும், பின்னர்த் திருப்பதியை அடுத்த சந்திரகிரியிலும், வேலூரிலும் இருந்து ஆண்டனர். பேரரசு சுருங்கச் சுருங்க, இடையிலிருந்த தலைவர்கள் பெருகினர். சித்தூருக்கும் சந்திரகிரிக்கும் மேற்கேயுள்ள மலையும் காடும் கணவாய்களும் நிறைந்த நிலம் அவர்களுக்கு ஏற்ற இடம். சமவெளியிலிருந்து மைசூர் மேட்டு நிலத்துக்கு ஏறும் வழிகள் அங்கே இருந்தன. வழியைக் காப்பவன் வழிப்போக்கரிடம் கூலி பெற்றான். காக்கத் தவறினால் கொள்ளை போன பொருளுக்கு அவனே ஈடு செய்ய வேண்டும் என்பது முறை. காப்பவனே கொள்ளைக்காரனுக்கு உறவினனாக இருந்த காலங்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

பாளையக்காரனுக்குக் கீழே கட்டுபடிச் சேவகர் இருந்தனர். அவர்களுக்குச் சம்பளம் பணமாக இல்லை. குறைந்த தீர்வையில் நிலம் உண்டு. அழைத்தபோது ஈட்டியோடு வந்து நிற்க வேண்டும். அவர்களுக்கும் கீழே ஊர்தோறும் தலையாரி இருந்தான். கடைசிப் படியில் தோட்டி இருந்தான். மேலே நோக்கினால், பாளையக்காரன் பேஷ்குஷ் என்னும் திறையை அரசனுக்கோ நவாபுக்கோ செலுத்த வேண்டும். போர் மூண்டால் படையோடு செல்ல வேண்டும். தனக்கு மேற்பட்டவர் எல்லைக்குள் வந்தால் எதிர்கொண்டு காணிக்கை வைக்க வேண்டும். அங்ஙனம் வரவேற்று, பதிலுக்கு ஒரு சால்வையோ வெற்றிலையோ பெற்றுத் திரும்புபவனைத்தான் அவனுடைய ஆட்கள் தலைவனாக மதித்தனர். மேலிருந்து கிடைக்கும் ஒப்புதலே கீழே செலுத்தும் அதிகாரத்துக்கு அச்சாணி.

நம் சென்னை நகரின் பிறப்பும் இதற்கு ஒரு சான்று. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கடற்கரையில் கோட்டை கட்ட அனுமதி பெற்றது தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் என்ற தலைவரிடம். அது போதவில்லை. 1645-இல் நாயக்கருக்கு மேற்பட்ட விஜயநகர அரசர் மூன்றாம் ஸ்ரீரங்கராயரிடமிருந்து உறுதிச் சாசனம் பெற்ற பிறகே வணிகர் மனம் அமைதியுற்றது. நாட்டின் ஏணியில் எந்தப் படியில் கால் வைக்க வேண்டும் என்பதை அவர்கள் விரைவில் கற்றுக்கொண்டார்கள்.

கங்கம்மையின் வேடங்களை இப்போது மீண்டும் பார்ப்போம். பைராகி ஏணிக்கு வெளியே உள்ளவன். அவனுக்காகத் தலைவன் எழ வேண்டுவதில்லை. பண்டன் மரியாதையே அறியாதவன். தோட்டி கடைசிப் படியில் நிற்பவன். அவன் வந்தால் ஏவல் சொல்லலாமே அன்றி வரவேற்பதற்கில்லை. துரை வந்தாலோ, உயிருக்கு அஞ்சி ஒளிந்திருப்பவனும் வந்தே தீர வேண்டும். வராவிட்டால் உயிர் தப்பலாம், தலைமை தப்பாது. அவன் அரையிலிருந்த வாளால் அன்று, அவன் செய்ய வேண்டிய வணக்கத்தால் அவனைப் பிடித்தாள் தேவி. கதையைக் கட்டியவர்கள் அந்த ஏணியின் அடிப்படியிலிருந்து அண்ணாந்து பார்த்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏணியின் பழுது கீழிருப்பவர்க்கே நன்கு தெரியும்.

வரலாற்றில் துரை வேடம் பூண்டு வந்தது கம்பெனி. தமிழிலும் தெலுங்கிலும் வெள்ளை அதிகாரியைத் துரை என்றே மக்கள் அழைத்தனர். 1798-இல் கலெக்டர் ஜாக்சன் துரை கட்டபொம்மனைப் பேட்டிக்கு அழைத்து, ஊர் ஊராக அலையவைத்து, இராமநாதபுரத்தில் கண்டது யாவரும் அறிந்த செய்தி. கட்டபொம்மன் போகாதிருந்திருக்கலாமே என்று நாம் இன்று கேட்கிறோம். அழைத்தவன் மேற்பட்டவனா அல்லனா என்பதுதான் அன்றைய வழக்கு. போகாதிருந்தால் கிளர்ச்சி, போனால் அடிமை. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டபோது, மற்றப் பாளையக்காரரை வரவழைத்து நிறுத்திக் காணச்செய்தனர்.

சித்தூர்ப் பாளையங்களின் முறை சிறிது பின்னர் வந்தது. 1801-இல் கர்நாடக நவாபின் நாடு முழுவதும் கம்பெனியின் கைக்கு மாறியது. அதனோடு திருமலைக் கோயிலின் வருவாயும் அவர்கள் மேற்பார்வையில் சேர்ந்தது. வேங்கடகிரி, காளாஸ்திரி, கார்வேட்டிநகரம் போன்ற பெரிய பாளையங்களுக்கு 1802-இல் நிலையான சனது வழங்கிப் படைக் கடமையை நீக்கி, அதற்கு ஈடாகப் பணம் விதித்தனர். பங்காரி, கல்லூர், புலிசெர்லா, நரகண்டி, பாக்காலா, மொகரால முதலிய சித்தூர்ச் சிறு பாளையங்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. காவல் உரிமையும் பறிபோய், திறையின் சுமையும் ஏறிய நிலையில் 1804-இல் அவை கிளர்ந்தெழுந்தன. படை காட்டுக்குள் புகுந்தது. 1805-இல் எல்லாம் அடங்கிற்று. பாளையங்கள் பறிமுதலாயின. பிற்காலத்தில் சில, பழைய குடும்பங்களுக்கே திரும்பின. ஆயினும் ஈட்டி ஏந்திய சேவகர் திரும்பவில்லை. இந்தக் கிளர்ச்சிக்குத் தென்பாண்டியில் கிடைத்த பாட்டும் கூத்தும் கிடைக்காமற் போனது ஒரு குறையே.

வாளை இழந்த தலைமை பின்னர் வழக்குமன்றம் ஏறியது. நரகண்டிப் பாளையத்தின் வாரிசுரிமை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1861-இல் தீர்ப்பாயிற்று. பாளையம் ஒரு சிற்றரசு போன்றது; குடும்பச் சொத்தாயினும் பங்கிடத் தக்கதன்று; ஒரு சமயத்தில் ஒருவரே பாளையக்காரர்; ஏனையோர்க்கு ஜீவனாம்சமே உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். ஓநாய்க்குட்டி வளர்ந்தால் வேறு காடு தேடிப் போகும். பாளையக்காரரின் தம்பியோ அரண்மனையிலேயே ஜீவனாம்சம் வாங்கிக்கொண்டு அண்ணனின் நாற்காலியைப் பார்த்தபடி ஆயுளைக் கழிக்க வேண்டும். எத்தனை குடும்பங்களில் எத்தனை நஞ்சு அந்த ஒரு நாற்காலியால் விளைந்திருக்கும்! சென்னை மாகாணச் சட்டமன்றம் 1948-இல் இயற்றிய ஜமீன் ஒழிப்புச் சட்டம் அந்த நாற்காலிக்கும் முடிவு கட்டியது.

1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகராக இருந்த சித்தூர், அவ்வாண்டு தன் பெயரிலேயே ஒரு மாவட்டமாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 2022-இல் திருப்பதி அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஆட்சிகளும் எல்லைகளும் இவ்வாறு மாறிய பின்னும் ஜாத்திரை நிற்கவில்லை.

துரை வேடத்தோடு அது முடிவதுமில்லை. மறுநாள் தேவி மாதங்கியாக வருகிறாள். கொல்லப்பட்டவன் வீட்டுப் பெண்களுக்கு ஆறுதல் கூற அந்த வேடம் என்கின்றனர். அவன் செய்த குற்றத்தில் அவர்களுக்குப் பங்கில்லை என்பதை ஊர் மறக்கவில்லை. அதன்பின் சுண்ணாம்புப் பானை வேடம் வரும். நேர்த்திக்கடனாக ஆடவர் நூற்றுக்கணக்கில் புடவையுடுத்து, பூச்சூடி, கண்ணுக்கு மையெழுதிக் கோயிலை நோக்கி நடப்பர். மீசையை மழிக்காதவரும் அவர்களில் உண்டு. இறுதி இரவு கோயிலின் முன்னே களிமண்ணால் தேவியின் பேருருவை, பாளையக்காரன் கண்டு ஓடிய அந்த முகத்தை, வனைகிறார்கள். விடியுமுன் அதைக் கலைத்துவிடுவார்கள். கலைந்த மண்ணில் ஒரு பிடிக்காகக் கூட்டம் முண்டியடிக்கும்; பெண்கள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, வீட்டில் காய்ச்சல் கண்ட குழந்தைகளின் நெற்றியில் பூசுவதற்காக எடுத்துச் செல்கின்றனர்.