மன்னார் வாக்காளர் இடாப்பும் அடையாள அட்டை விவாதமும்

மன்னார், இலங்கையின் வன்னித் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்த தேர்தல் தொகுதி. வவுனியா, முல்லைத்தீவு ஆகியவை இம்மாவட்டத்தின் மற்ற இரு தொகுதிகள். மன்னார்த் தீவு, மாந்தை, முசலி ஆகிய பகுதிகளின் வாக்காளர் இடாப்பு 1990இலிருந்து ஓயாத சர்ச்சைக்கு உள்ளாகி வந்திருக்கிறது. ஒருவர் பெயரில் இன்னொருவர் வாக்களிப்பதுதான் எங்கும் பேசப்படும் தேர்தல் மோசடி. மன்னாரில் எழும் குற்றச்சாட்டு வேறு. சொந்தப் பெயரில், செல்லுபடியாகும் அட்டையோடு வந்து நிற்பவரைப் பார்த்து, ‘இவர் இந்த ஊர்க்காரர்தானா?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எந்த அடையாள அட்டையிலும் விடை இல்லை.

அட்டை கட்டாயமான கதை

1982 டிசம்பரில் நடந்த மக்கள் தீர்ப்பும் 1999 ஜனவரியில் நடந்த வடமேல் மாகாண சபைத் தேர்தலும் இலங்கைத் தேர்தல் வரலாற்றின் கறைகள். முகவர்கள் துரத்தப்பட்டார்கள், பெட்டிகளில் வாக்குச்சீட்டுகள் கட்டுக்கட்டாகத் திணிக்கப்பட்டன, ஆள்மாறாட்டம் வெளிப்படையாக நடந்தது. வாக்களிக்க வருபவர் அடையாள ஆவணம் காட்டியாக வேண்டும் என்ற கோரிக்கை இத்தகைய அனுபவங்களிலிருந்தே வலுத்தது. அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் 2004இல் இயற்றியது.

இன்று தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை, மதகுருமார் அட்டை போன்றவற்றில் ஏதாவது ஒன்று போதும். வீட்டுக்குத் தபாலில் வரும் வாக்காளர் அட்டை அடையாள ஆவணம் ஆகாது. அது கையில் இல்லாவிட்டாலும் இடாப்பில் பெயர் உள்ளவர் வாக்களிக்கலாம். எந்த ஆவணமும் இல்லாதவர் கிராம உத்தியோகத்தரிடம் இரண்டு புகைப்படங்களோடு விண்ணப்பித்தால், அந்தத் தேர்தலுக்கு மட்டும் செல்லுபடியாகும் தற்காலிக அட்டையைத் தேர்தல்கள் ஆணைக்குழு தருகிறது. போரில் வீட்டோடு ஆவணங்களையும் பறிகொடுத்த வன்னி மக்களுக்கு இது பேருதவி. ஆவணம் கேட்கும் அரசே அதைக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்பதால், இச்சட்டத்தை நியாயமானது என்றே கொள்ள வேண்டும்.

சாவடிக்குள் நடப்பது எளிய முறை. அலுவலர் இடாப்பு எண்ணையும் பெயரையும் உரக்க வாசிப்பார். கட்சி முகவர்கள் தம் பிரதியில் அதைக் கோடிட்டுக்கொள்வார்கள். ஐயம் இருந்தால் அங்கேயே ஆட்சேபிக்கலாம். விரலில் அழியா மை பூசிய பிறகே வாக்குச்சீட்டு கைக்கு வரும். சத்தமாக வாசிப்பதும், பல கட்சிக்காரர்கள் ஒரே அறையில் காது கொடுத்துக் கேட்பதும் கள்ளவாக்கைத் தடுப்பதில் அட்டைக்குக் குறையாத காவல்.

1990உம் புத்தளமும்

1990 அக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களின் மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். புத்தளம் மாவட்டத்து முகாம்களில் ஓலைக் குடிசைகளில் தொடங்கிய வாழ்க்கை அங்கேயே வேரூன்றிவிட்டது. ஆயினும் காணி, பள்ளிவாசல், மையவாடி எல்லாம் மன்னாரில். வாக்கும் மன்னாரில்.

இலங்கையில் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. கிராம உத்தியோகத்தர் வழியாக வரும் பி.சி. படிவத்தில் வீட்டில் வழமையாக வசிப்போரின் பெயர்களைக் குடும்பத் தலைவர் எழுதிக் கொடுக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் வழமையான வதிவிடத்தையே அடிப்படையாகக் கொண்டது. விரட்டப்பட்டவரின் வதிவிடம் எது என்பதற்கு அதில் நேரான விடை இல்லை. இடம்பெயர்ந்தோர் தாம் விட்டுவந்த ஊரிலேயே பதிந்துகொள்ள வழிசெய்யும் விசேட ஏற்பாட்டுச் சட்டம் 2013இல்தான் வந்தது.

இப்படிப் பதிவதை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் பொருள் உண்டு. வன்னியிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் செல்வோர் ஆறு பேர் மட்டுமே. சில ஆயிரம் வாக்குகள் ஓர் ஆசனத்தை மாற்றிவிடும். முப்பது ஆண்டாகப் புத்தளத்தில் வாழ்ந்து, அங்கேயே பிள்ளைகளைப் படிக்கவைப்பவர் மன்னாரின் பிரதிநிதியைத் தீர்மானிப்பது முறையா என்று மன்னாரில் வாழ்பவர் கேட்பதைப் பகைமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் திரும்பி வருவதற்கான வழி சீராக இருந்ததா என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். சிலாவத்துறையில் கடற்படை முகாம், மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழிப் பக்கம் 2012இல் வனமாக அறிவிக்கப்பட்ட நிலம், மீள்குடியேற வந்தவர்களைக் காடழிப்பவர்களாகக் காட்டிய வில்பத்துச் சர்ச்சை என்று தடைகள் அடுக்கடுக்காக இருந்தன. காணிக்குப் போக விடாமல் தடுத்துவிட்டு, காணியில் இல்லை என்பதற்காகப் பெயரை வெட்டுவது அநீதி.

2019 நவம்பர் 16

ஜனாதிபதித் தேர்தல் நாளன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றவர்களை ஏற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட பஸ்களின் தொடர், அனுராதபுர மாவட்டத்துத் தந்திரிமலையில் தாக்கப்பட்டது. வீதியில் டயர்கள் எரிந்தன, கற்கள் பறந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பொலிஸ் பாதுகாப்போடு பஸ்கள் மன்னார் சென்றன.

அந்தப் பஸ்களே பிறகு வழக்காகின. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் 222 பஸ்களுக்கு அரச நிதியில் 95 இலட்சம் ரூபா செலவிட்டது முறைகேடு என்ற குற்றச்சாட்டில், வன்னி நாடாளுமன்ற உறுப்பினரும் தானே மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டவருமான ரிஷாட் பதியுதீன் 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டுப் பின்னர் பிணையில் வெளிவந்தார். அப்போது அமைச்சராக இருந்த அவரின் ஆதரவாளர்கள் என்று கருதப்படுவோரை அரச செலவில் ஏற்றிச்செல்வது ஐயத்துக்கு இடமானது என்பது உண்மை. சாவடியை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோயிருந்தால் பஸ்ஸும் தேவைப்பட்டிராது, ஐயமும் எழுந்திராது. 2020 ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் அதுதான் செய்யப்பட்டது: வன்னி வாக்காளருக்காகப் புத்தளத்தில் விசேட வாக்கெடுப்பு நிலையங்கள் அமைந்தன.

அட்டை இருந்தும் வாக்கு இழந்தவர்கள்

2001 டிசம்பர் 5 பொதுத் தேர்தலன்று புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வாக்களிக்க வந்தோருக்குச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. இது அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் தடை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. புலிகளின் புறக்கணிப்பு நெருக்குதலில் வன்னி மாவட்ட வாக்களிப்பு சுமார் 34 சதவீதத்தில் நின்றது. யாழ்ப்பாணத்தில் அது 1.21 சதவீதம். இந்த மக்களிடமிருந்து பறிபோன வாக்குகளுக்கு முன்னால் ஆள்மாறாட்டம் சிறிய குற்றம்.

பிற நாடுகளில்

வட அயர்லாந்தில் 2003 முதலும் இங்கிலாந்தில் 2023 மே உள்ளூராட்சித் தேர்தல் முதலும் புகைப்பட அடையாளம் கட்டாயம். இந்தியாவில் டி. என். சேஷன் காலத்தில், 1993இல், வாக்காளர் புகைப்பட அட்டை வந்தது. 2025இல் பீகாரிலும் பின்னர் தமிழ்நாட்டிலும் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம், அட்டையை விட்டு இடாப்பையே விவாதப் பொருளாக்கியது. யார் எங்கே குடியிருக்கிறார், எந்தக் காகிதம் அதை நிறுவும் என்று அங்கே எழுந்த கேள்விகள் மன்னாரில் முப்பது ஆண்டுப் பழையவை.

கடலுக்கு அப்பால்

இலங்கையில் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழியில்லை. தபால் வாக்கும் அரச ஊழியர், படையினர், பொலிசார் போன்ற சில பிரிவினருக்கே உரியது. ஆகவே தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் படகேறி இராமேசுவரம் போய், தமிழ்நாட்டு முகாம்களில் தங்கிவிட்டவர்கள் இந்த விவாதத்தில் எண்ணிக்கைக்கே வருவதில்லை. அங்கே பிறந்த பிள்ளை ஊர் திரும்பினால், இலங்கை அதிகாரிகளிடம் பிறப்பைப் பதிந்து குடியுரிமையை உறுதிசெய்த பிறகே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும்.