வாசிக்காமல் விட்ட இரண்டு அடிகள்

ராக் இசையின் சரித்திரம் பெரும்பாலும் சத்தத்தின் சரித்திரமாகவே எழுதப்பட்டிருக்கிறது. யார் கிதாரை உடைத்தான், யார் டிரம்முக்குள் வெடி வைத்தான், யார் மற்றவர்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டுத் தனியாக வாசித்தான் என்பவையே அதன் அத்தியாயங்கள். இந்தச் சரித்திரத்தில் சார்லி வாட்ஸை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை என்பது 2021 ஆகஸ்ட் 24ல், 80 வயதில், அவர் லண்டனில் இறந்தபோது தெளிவாயிற்று. வந்த அஞ்சலிகளில் பல அவருடைய கோட்டுத் தையலைப் பற்றிப் பேசின. 1964ல் மணந்த மனைவியோடு கடைசிவரை வாழ்ந்ததைப் பேசின. தங்கிய ஹோட்டல் அறைகளின் கட்டில்களையெல்லாம் கோட்டுச் சித்திரமாக வரைந்து வைத்ததைப் பேசின. கண்ணியமான மனிதர், ஆகவே அடக்கமாக வாசித்தார் என்று முடித்தன. ஒரு கலைஞனின் தீர்மானத்தை அவனுடைய சுபாவமாகச் சுருக்கிவிடும் காரியம் இது. எனக்கு இதில் சம்மதமில்லை.

1941ல் பிறந்த வாட்ஸ் ராக் வழியாக இசைக்கு வந்தவர் அல்ல. பள்ளிப் பருவத்தில் கையிலிருந்த பாஞ்சோவின் கழுத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மிஞ்சிய தோல் வட்டத்தை பிரஷ்களால் வருடப் பழகினார். ஜெரி மல்லிகனின் இசைத்தட்டில் சிக்கோ ஹாமில்டன் பிரஷ்ஷால் வாசித்ததைக் கேட்டதன் விளைவு அது. சித்திரக்கலை படித்து விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தார். சார்லி பார்க்கரைப் பற்றிப் படங்களால் ஒரு சிறு புத்தகம் செய்தார். அலெக்ஸிஸ் கோர்னரின் குழுவில் வாசித்தார்; அவர் விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர் ஜிஞ்சர் பேக்கர். 1963 ஜனவரியில் வாட்ஸ் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்தார். பேக்கர் 1966ல் கிரீம் குழுவைத் தொடங்கினார். ஒரே ஆசனத்திலிருந்து எழுந்து போன இருவர் டிரம்மின் இரண்டு எதிர்த் திசைகளாக ஆனார்கள்.

1966ல் வெளிவந்த கிரீமின் 'டோட்', 1969ல் வெளிவந்த லெட் செப்பலினின் 'மோபி டிக்' இரண்டும் டிரம்மின் தனி ஆவர்த்தனத்துக்காகவே அமைந்தவை. பக்கவாத்தியம் முன்வரிசைக்கு வந்துவிட்டது. அது ஒரு விடுதலை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, தனியாக வாசிக்காதவன் வாசிக்கத் தெரியாதவன் என்ற எண்ணமும் கூடவே வந்து குடியேறியது. வாட்ஸ் தனி ஆவர்த்தனத்தைத் தவிர்த்தே வந்தார். தெரியாமல் அல்ல. 1965ன் 'கெட் ஆஃப் ஆஃப் மை க்ளவுட்' அவருடைய டிரம்மோடுதான் ஆரம்பிக்கிறது. 1966ன் 'பெயின்ட் இட் பிளாக்'கில் அவர் கை இறங்கும் கனம் யாருக்கும் குறைந்ததல்ல. சத்தம் அவர் வசம் இருந்தது. அதை எப்போது செலவழிப்பது என்பது மட்டுமே பிரச்னை.

அவர் வாசிப்பில் ஒரு அடி ஏன் இத்தனை துலக்கமாக விழுகிறது என்பது எனக்கு முதலில் காதுக்குப் பட்ட கேள்வி. விடை கிடைத்தது படச்சுருள்களில். ராக் இசையின் சாதாரண தாளத்தில் வலது கை, காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டான ஹை-ஹாட்டில், நான்கு எண்ணிக்கைக்கு எட்டு அடி போட்டுக்கொண்டே போகும். இடது கை இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் ஸ்நேர் டிரம்மை அடிக்கும். வாட்ஸ் அந்த இரண்டு இடங்களிலும் வலது கையைத் தட்டிலிருந்து தூக்கிவிடுவார். எட்டு ஆறாகிவிடும். ஸ்நேர் தன்னந்தனியாக, வேறொரு உலோகச் சத்தம் கூடக் கலக்காமல் ஒலிக்கும். அவர் முத்திரை என்று எல்லோரும் கேட்பது அவர் வாசிக்காமல் விட்ட அந்த இரண்டு அடிகளைத்தான்.

இன்னொன்று. பொதுவாக ஒரு குழு டிரம்மின் பின்னால் போகும். ஸ்டோன்ஸில் டிரம் கீத் ரிச்சர்ட்ஸின் கிதாருக்குப் பின்னால் போயிற்று. அதனால் ஒரு மயிரிழைத் தாமதம் விழுகிறது. பாட்டு இப்போது கலைந்துவிடும் என்று தோன்றும், கலையாது. 1969ன் 'ஹாங்கி டாங்க் விமன்' முழுக்க இந்தத் தள்ளாட்டத்தின் மேல்தான் நிற்கிறது. அதே காலத்தில் பதிவான 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்' பாட்டில் டிரம் வாசித்தவர் வாட்ஸே அல்ல, தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். அந்தத் தாளம் வாட்ஸுக்குப் பிடிபடாததால் மில்லர் உட்கார்ந்தார். பாட்டுக்கு எது வேண்டும் என்பதற்கு முன்னால் தன் ஆசனம் பெரிதில்லை என்று ஒருவர் நினைப்பதைக் குணம் என்பதைவிட விமர்சன புத்தி என்று சொல்வேன்.

இந்த புத்தி எங்கிருந்து வந்தது? ஸ்டோன்ஸில் சேர்ந்தபோது ரிச்சர்ட்ஸும் பிரையன் ஜோன்ஸும் அவரை ஜிம்மி ரீடின் இசைத்தட்டுகளைக் கேட்க வைத்தார்கள். அவற்றில் டிரம் வாசித்தவர் எர்ல் பிலிப்ஸ். சிகாகோவின் கறுப்பின ப்ளூஸ் கலைஞர்களோடு வாசித்தவர். 1956ல் ஹவ்லின் உல்ஃபின் 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்' பதிவில் இருப்பவரும் இவரே. ஒன்றும் நடக்காதது போலத் தாளம் நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே கூட்டவும் இல்லை, கீழே தளர்த்தவும் இல்லை. வாட்ஸ் இவரிடம் கற்றதை ஒளித்ததில்லை.

2000ல் வாட்ஸ், ஜிம் கெல்ட்னரோடு சேர்ந்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு ஒரு தாளக் கலைஞரின் பெயர்: கென்னி கிளார்க், மேக்ஸ் ரோச், ராய் ஹெய்ன்ஸ், ஆர்ட் பிளேக்கி என்று. டிரம்மையே மையமாக வைத்த தொகுப்பில்கூடப் பகுதிகளுக்கு முன்னோர்களின் பெயரைப் போட்டார். ஆனால் அந்த வரிசையில் எர்ல் பிலிப்ஸ் இல்லை.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அது ஜாஸ் கலைஞர்களுக்கான அஞ்சலி. ஆனாலும் இந்த இடைவெளி எனக்கு உறுத்துகிறது. மைதானங்களை நிரப்பும் குழுவின் நடுவில் உட்கார்ந்து அடக்கமாக வாசித்தால் உலகம் அதைக் கண்ணியம் என்கிறது. அதே அடக்கத்தைச் சிகாகோவின் ஒலிப்பதிவு அறையில், பாடகரின் முதுகுக்குப் பின்னால் காட்டியவரை அது மறந்துவிடுகிறது. அடக்கம் ஒரு கலை நுட்பம் என்று ஒப்புக்கொண்டால் இருவரையும் ஒரே தராசில் வைக்க வேண்டிவரும். வெறும் சுபாவம் என்று சொல்லிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

வாட்ஸ் கடைசியாக ஸ்டோன்ஸோடு மேடையில் வாசித்தது 2019 ஆகஸ்ட் 30ல், மயாமியில். அவர் பதிவுகளுக்குத் திரும்பப் போகிறவர்கள் அதற்கு முன் ஜிம்மி ரீடையும் ஒருமுறை போட்டுக் கேட்கலாம். பாட்டை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைக் கேட்க வேண்டும்.